என் ரிப்போர்ட் மகனுடைய போனுக்கு வந்தது

கடந்த வருடம், கண்டியில் பெரஹரா ஊர்வலங்கள் முடிந்து வீதித் தடைகளையெல்லாம் எடுத்த வாரம் அது. என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் குத்திச் சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். நகரிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் அதைச் செய்துகொண்டோம். செய்துகொண்டோம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். குத்து வாங்கியது நான், மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது என் மகன்.

கவுண்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே மகன் தன் நம்பரைச் சொல்லிவிட்டான். எங்கள் வீடுகளில் இது சாதாரணம். கரண்ட் பில் முதல் கோயில் உபயம் வரை ஆண்களின் நம்பரைத்தான் கொடுப்போம். என்னிடம் நல்ல போன் இருக்கிறது, அலுவலகத்தில் நாள் முழுவதும் கம்ப்யூட்டரில்தான் வேலை. இருந்தும் அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரிப்போர்ட் தயாரானதும் குறுஞ்செய்தி வரும், அதிலுள்ள இணைப்பைத் தட்டி அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அவள் விளக்கினாள். மகன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

அடுத்த வாரம் வீட்டில் ஆண்கள் இருவரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். என் கணவர் பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட தட்டைத் தூக்கியறியாத மனிதர், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மகன் தினமும் தோடம்பழம் வாங்கி வந்தான். ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டால், "இன்னும் வரலம்மா, லேப்ல வேலை கூடவாம்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்வான்.

எனக்குப் பொறி தட்டியது. அலுவலகத்திலிருந்தே லேபுக்குப் போன் போட்டேன்.

"அது போன கிழமையே அனுப்பியாச்சே மேடம். தொறந்தும் பார்த்திருக்காங்க."

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். என் உடம்பிலிருந்து எடுத்த சதை என்ன சொல்கிறது என்று மகனுக்கும் கணவருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே அந்த வைத்தியசாலைக்குப் போனேன். நம்பரை மாற்றி என் போனுக்கு அனுப்பச் சொன்னேன்.

"பதிஞ்ச நம்பருக்குத்தான் கோட் போகும் அம்மா. அது வந்தாத்தான் மாத்தலாம். மகன்கிட்ட கேட்டு வாங்கிக்குங்களேன்" என்றாள் அந்தப் பெண்.

அடையாள அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "நான் உயிரோட உங்க முன்னாலதான நிக்கிறேன்? என் ரிப்போர்ட்ட நான் எதுக்கு மகன்கிட்ட கேக்கணும்? நீங்க குத்தி எடுத்தது என் மார்பையா, அவன் மார்பையா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் நாங்கள் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. "அந்த இடத்தில்" என்றுதான் சொல்வோம். அன்று கவுண்டரில் அதைச் சத்தமாகச் சொன்னேன், வெட்கப்படவும் இல்லை. உள்ளேயிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நம்பரை மாற்றிக் கொடுத்தார். அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைத் திறந்தேன். பாதி புரியவில்லை. புற்றுநோய் என்பது மட்டும் புரிந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து, டாக்டரைப் பார்க்க மறுநாளுக்கே நம்பர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "தையில மகளுக்குக் கல்யாணம். அது முடியட்டும், பொறகு சொல்லலாம்னு இருந்தோம். மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

தை மாதத்துக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. அதுவரை அந்தக் கட்டி முகூர்த்தத்துக்காகக் காத்திருக்குமா? அவர்களுக்கு என்மேல் பாசமில்லை என்று நான் சொல்லமாட்டேன். பாசத்தால்தான் மறைத்தார்கள். அந்தப் பாசமே என்னைச் சாகடித்திருக்கும். மகளுக்கும் அன்றுதான் விஷயம் தெரிந்தது. அப்பாவையும் அண்ணனையும் அவள் திட்டிய திட்டு கொஞ்சமல்ல.

அவர்கள் எல்லோரும் பார்த்திருக்க, தெல்தெனியவில் இருக்கும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டேன். கணவர் கையைப் பிடித்துத் தடுத்தார். உதறிவிட்டேன்.

"சம்பந்தி, எனக்கு மார்புல புற்றுநோய். நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். இதனால இந்தச் சம்பந்தம் வேணாம்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க. ஆனா வைத்தியத்த நான் ஒரு நாளும் தள்ளிப்போட மாட்டேன்."

 "ஆஸ்பத்திரிக்கு யார் கூட போறீங்க?" என்று கேட்டார் சம்பந்தி. அவ்வளவுதான். கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் வேறு மாதிரிப் பேசியிருந்தாலும் மறுநாள் காலையில் நான் போயிருப்பேன்.

"நல்ல காலம், நேரத்தோட வந்துட்டீங்க" என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு கொடுத்த மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போனது. விக் வாங்கித் தருவதாகச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள், சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளச் சொன்னார்கள். எதையும் கேட்கவில்லை. தை மாதம் மொட்டைத் தலையோடு, பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு மணமேடையில் நின்று என் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும். என் மகள் என்னைத்தான் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது சோதனை முடிவுகளெல்லாம் என் போனுக்குத்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் நான் படிக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் உடம்பைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு வேறு யாரும் நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டுமென்றாலும் முதலில் நானே பயந்துகொள்கிறேன்.