நாடி பிடித்தவர்

என் கணவருக்கு ஈரலில் புற்றுநோய். கீமோ தொடங்கியபின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரோடு வேலை செய்த ஒருவர் சொல்லி, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த சீன வைத்தியரிடம் போனோம். அஜக்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நான்தான் கார் ஓட்டினேன்.

வைத்தியர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என் கணவரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எப்போது விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆங்கிலத்தில், நித்திரை வருகிறதா என்று கேட்டார். விடியும்வரை முழித்துக் கிடப்பதாக இவர் சொன்னார். பயமாக இருக்கிறதா என்றார். ஓம், சரியான பயம் என்றார் இவர். பக்கத்தில் படுப்பவள் நான். இரண்டையும் அங்கேதான் அறிந்தேன்.

கீமோவை நிறுத்தக்கூடாது, தான் தந்த மூலிகைகளை ஆஸ்பத்திரியில் காட்டாமல் குடிக்கவும் கூடாது என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொன்னார். காட்டினோம். எல்லாவற்றையும் வேண்டாம் என்பார்கள் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். ஒரு வேரை மட்டும் விலக்கிவிட்டு, இரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்றார்கள்.

அடுத்த முறை போய்வந்த அன்று இவர் கஞ்சி கேட்டார்.

"அவ சொன்னவ, சோத்துக் கஞ்சி வயித்துக்கு நல்லதாம்."

"உந்தக் கஞ்சியைத்தானே நான் இவ்வளவு நாளும் காய்ச்சித் தந்தனான்."

"அவ இஞ்சி போடச் சொன்னவ."

நானும் இஞ்சி போட்டே காய்ச்சிக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு வந்த ஸ்கானில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. கீமோ வேலை செய்கிறது என்றார் புற்றுநோய் வைத்தியர். காரில் ஏறியதும் இவர், "அவவுக்கும் ஒருக்காச் சொல்லவேணும்" என்று ஃபோனை எடுத்தார். நான் காரை ஸ்டார்ட் பண்ணவில்லை.

"பயமெண்டு எனக்கேன் நீங்கள் சொல்லேல்லை?"

ஃபோனை மடியில் வைத்தார்.

"உம்மட்டைச் சொன்னால் நீர் அழுவீர். அவ எழுதிப்போட்டு அடுத்த கேள்வி கேப்பா."

அப்போதும் அழுகைதான் வந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சில கிழமை கழித்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கால்விரல்கள் விறைக்கின்றன என்றார். அன்று சீன வைத்தியரிடம் போகும் நாள் இல்லை. எனக்குத்தான் முதலில் சொல்கிறார் என்று உறைத்தது. அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எந்தக் காலிலை?" என்று கேட்டேன்.

"ரெண்டிலையும்."

"எப்ப துவங்கினது?"

சொல்லத் தொடங்கினார். நான் கீழே உட்கார்ந்து அவருடைய சொக்ஸைக் கழற்றினேன்.