முந்திரிக் கோதுத் தணலில் ஒரு நத்தார் கேக்

அந்த நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு நாளுக்கு, வீட்டில் இருந்தவர்கள் அப்பாவும் நானும். அம்மா இல்லை, குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். அக்காவும் இல்லை, திருகோணமலையில், கட்டிக்கொடுத்த இடத்தில், நிறைமாதமாக இருந்தாள். பஸ்ஸில் இவ்வளவு தூரம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றப்படி கோழிகள் இருந்தன. வீட்டில் பேச்சுச் சத்தமென்று கேட்டது பெரும்பாலும் அவற்றினுடையதுதான்.

நான் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா சின்ன வயதிலேயே வாவிக்கு வலையோடு போனவர். அதனாலோ என்னவோ, நான் லீவில் வந்தால் என்னோடு விருந்தாளியோடு பேசுவதுபோலப் பேசுவார். ஒரு நாள் வாய் தவறி "சாப்பிட்டீங்களா?" என்று என்னையே மரியாதையாகக் கேட்டுவிட்டார். இரண்டு பேருமே வெட்கப்பட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாரி தொடங்கியிருந்ததால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. வேலியில் முசுட்டைக் கீரை படர்ந்திருந்தது. கிணற்றடியில் வல்லாரை பாய் விரித்தமாதிரிக் கிடந்தது. மழை விட்ட மறுநாள் புற்றடிகளில் காளான் முளைக்கும். அப்பா வலையைக் காயப்போட்டுவிட்டுப் போய் சாரத்து மடியில் பொறுக்கிக்கொண்டு வருவார். நான் கழுவி, மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டுப் பால்கறியாக வைப்பேன். கறி நன்றாகத்தான் வந்தது. ஆனால் இரண்டு பேருக்கு அளவாக ஆக்க எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவின் சட்டி, அம்மாவின் அரிசி அளக்கும் சுண்டு, அம்மாவின் கை அளவு. எல்லாமே நாலு பேருக்கானவை. சாப்பிட்டு முடித்துச் சட்டியைப் பார்த்தால் பாதி அப்படியே இருக்கும். கோழிகள் கொழுத்தன.

அந்த மாரியில்தான் அம்மா தொலைபேசியில் அந்தக் கதையைச் சொன்னார்.

"வீட்டுக்கார மடம் கேக்கிறா, இன்னும் ரெண்டு வருசம் நிப்பியா எண்டு. புதுவருசத்துக்குள்ள முடிவு சொல்லணுமாம். என்ன சொல்லட்டும்?"

அப்பா தொலைபேசியைக் கன்னத்தில் ஒட்டவைத்தபடி முற்றத்தைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டியிருந்தது ஒரே சொல். 'வா' என்பது. அது அப்படியொன்றும் பெரிய சொல்லுமில்லை. ஆனால் அவர் சொன்னது வேறு.

"இஞ்ச ஒரு குறையுமில்ல. தம்பியும் படிக்கிறான். குசினிக்கும் கூரை போட்டாச்சு. இனி எதுக்கெண்டு நீ அங்க கிடந்து கஷ்டப்படுற? பிறகு உன்ர விருப்பம்."

குசினிக்குக் கூரை போடவில்லை. அதற்கென்று அம்மா அனுப்பிய காசு, வெள்ளத்தில் மூழ்கிய வள்ளத்து இஞ்சினைத் திருத்துவதில் முடிந்திருந்தது. குசினியின் மேல் பழைய தென்னோலைக் கிடுகும், கிடுகின் மேல் ஒரு நீலத் தறப்பாளும், தறப்பாள் பறக்காமல் இரண்டு டயரும் இருந்தன. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கூரை போட்டாச்சோ? சொல்லவே இல்ல," என்றார் அம்மா.

"சொல்லத்தானே இப்ப சொல்லுறன்."

குறையொன்றும் இல்லாத வீட்டுக்கு அம்மா திரும்பி வருவார் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். அன்று பின்னேரம் வலையைத் தைத்துக்கொண்டே, "வாழைச்சேனை அக்கா லீவில வந்திருக்காவாம். நத்தாருக்கு முன்னம் திரும்பப் போறாவாம். ஒரு கேக்கு அடிச்சுக் குடுத்து விடுவமா?" என்று கேட்டார். அம்மா நிற்கும் நகரத்திலேயே வேலைசெய்யும் பெண் அவர். அப்பா என்னிடம் யோசனை கேட்டது எனக்கு நினைவு தெரிய அதுதான் முதல் தடவை.

அம்மாவின் நத்தார் கேக் ஒரு வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவது. சித்திரை, வைகாசியில் வளவுக்குள் இருக்கும் மரமுந்திரி விழும். கொட்டையைச் சுட்டு உடைத்துப் பருப்பைப் போத்தலில் அடைத்து வைக்க வேண்டும். ஆனி, ஆடியில் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைக் காட்டில் பாலைப்பழம் பழுக்கும்; அதைப் பிழிந்து காய்ச்சினால் கறுத்த, பிசினான பாணி வரும். மற்ற வீடுகளில் சீனியைக் கருக்கிக் கேக்குக்கு நிறமெடுப்பார்கள். எங்கள் வீட்டில் பாலைப்பாணிதான். மாரிக்குச் சற்று முன்னால் வேலியில் நீற்றுப்பூசணி முற்றும். அதைத் துண்டு போட்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, சீனிப்பாகில் போட்டெடுத்தால் தோசி. கடித்தால் வெளியே நொறுங்கி உள்ளே தேனாக இருக்கும். அம்மா போன பிறகும் அப்பா ஒவ்வொரு பருவத்திலும் இவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஏனென்று நான் கேட்டதில்லை. அலுமாரிக்கு மேல் பாணிப் போத்தல்கள் வரிசையாக நின்றன, வருடத்துக்கொன்றாக, ஒன்றும் திறக்காமல்.

அடுப்பு வைத்த நாள் விடியத் தொடங்கிய மழை விடவேயில்லை. எங்களிடம் கேக் சுடும் போறணை இல்லை. பெரிய சட்டியில் மணல் பரப்பி, மணலுக்குள் கேக் தட்டை இறக்கி, தகரத்தால் மூடி, தகரத்தின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணல் போடுவதுதான் அம்மாவின் முறை. கீழே சின்ன நெருப்பு, மேலே பெரிய நெருப்பு. கலவையை நான் அடித்தேன். மாஜரீனும் சீனியும் வெளுக்கும்வரை, பிறகு முட்டை ஒவ்வொன்றாக, பிறகு வறுத்த ரவை, கடைசியில் அப்பா திறந்து தந்த ஒரு போத்தல் பாணி. அப்பா பக்கத்தில் குந்தியிருந்து பருப்பு நறுக்கினார்.

"நல்லா அடி மனே. கம்பஸுல இதெல்லாம் சொல்லித் தரமாட்டானுகளா?"

"நான் படிக்கிறது கணக்கியலப்பா."

"அப்ப முட்டையை எண்ணித் தா."

அவர் பகிடி விட்டு நான் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும். கை வலித்தாலும் நான் நிறுத்தவில்லை.

தணல்தான் சிக்கல். குசினிச் சுவரோரம் அடுக்கியிருந்த சிரட்டை முழுவதும் கிடுகு ஒழுக்கில் நனைந்து ஊறிப்போயிருந்தது. தேங்காய்ப் பொச்சும் அப்படித்தான். மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தோம். புகைந்து கண்ணைக் கரித்ததே தவிர தணல் வரவில்லை. கீழ் அடுப்பு எப்படியோ பற்றிக்கொண்டது. மேலே போட ஒன்றுமில்லை. கலவையோ தட்டில் ஊற்றியாகிவிட்டது, வைத்திருந்தால் இறங்கிவிடும்.

அப்பா அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு உரப்பையை இழுத்துவந்தார். முந்திரிக் கோது. பருப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கோதுகளை அவர் கொட்டுவதில்லை. அதிலுள்ள எண்ணெயால் மழைக்காலத்திலும் சட்டென்று பிடித்து எரியும்.

"இதைப் போடுவம்."

"மணக்காதா அப்பா? கோதுப் பால் பட்டா தோல் வெந்துபோகுமே."

"ஏற்கெனவே சுட்ட கோதுதானே. அதுக்குள்ள என்ன பால்? தகரம் மூடித்தானே கிடக்கு."

கோது அருமையாக எரிந்தது. சடசடவென்று வெடித்து, மஞ்சள் நெருப்பாக எழுந்து, பிறகு சிவந்த தணலாக அடங்கியது. நான் தறப்பாளின் ஒழுக்குக்குக் கீழே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா குச்சியால் தணலைச் சமப்படுத்தினார். மூடியைத் திறந்தபோது கேக் எழும்பி, கறுத்து, நடுவில் மெல்லிய வெடிப்போடு இருந்தது. அம்மாவுடையதைப்போலவே இருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மிஞ்சிய கலவையை ஒரு மீன் ரின் தகரப்பேணியில் ஊற்றி எங்களுக்கென்று சின்னதாக ஒன்றும் சுட்டோம். இரண்டையும் வெட்டவில்லை. நத்தார்ப் பூசைக்கு முன்னால் கேக்கில் கத்தி வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மா வைத்த சட்டம். அம்மா இல்லாத வீட்டில் அந்தச் சட்டத்தை நாங்கள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டோம்.

வாழைச்சேனை அக்கா பார்சலைக் கையில் வாங்கி நிறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, பொஞ்சாதிக்குக் கேக்கு அனுப்புற ஆம்புளைய நான் இண்டைக்குத்தான் காணுறன். என்ர மனிசன் எனக்கு அனுப்புறது ஒரே ஒரு மெசேஜ்தான், 'காசு வந்திட்டு' எண்டு."

"நீங்க அவளிட்டச் சொல்லுங்க…" அப்பா தொடங்கினார்.

"என்ன சொல்லட்டும்?"

"நாங்க சுகமா இருக்கம் எண்டு."

"அத போன்ல சொல்லேலாதா? சரி சரி, முகம் சுருங்காதீங்க. பத்திரமா குடுப்பன்."

நத்தாரன்று பூசை முடிந்து வந்து, தேத்தண்ணி ஊற்றிவைத்து, அப்பா மீன் ரின் கேக்கை வெட்டினார். முதல் துண்டை எனக்குத்தான் தந்தார். வாயில் வைத்த உடனே பாலைப்பாணியின் இனிப்பும் தோசியின் நொறுக்கும் தெரிந்தன. அதற்குப் பின்னால் ஒரு கசப்பு மெல்ல எழும்பி வந்து தொண்டையில் உட்கார்ந்தது. உதட்டோரம் எரிந்தது. முந்திரிக் கோதின் எண்ணெய் சூட்டில் உருகி, தகரத்தின் விளிம்பால் வழிந்து இறங்கியிருக்கிறது. இல்லாவிட்டால் புகை புகுந்திருக்கிறது. அப்பாவும் கடித்தார். மென்றார். விழுங்கினார்.

"பெரிய கேக்கு இப்பிடி இராது," என்றார்.

இரண்டும் ஒரே சட்டியில், ஒரே தணலில் வெந்தவை. நான் ஓமென்று தலையாட்டினேன்.

அடுத்து வந்த நாட்களில் தொலைபேசி எங்கே இருந்ததோ அங்கேயே அப்பாவும் இருந்தார். வாவிக்குப் போனாலும் வெயில் ஏற முன்னரே திரும்பிவந்தார். "பார்சல் பிளேன்லயே துலைஞ்சிருந்தா நல்லம்," என்று ஒரு தடவை சொன்னார். பிறகு, "பாவம், அவளுக்கும் ஆசை இருக்கும்," என்றார். இரண்டையும் என்னிடம் சொன்னாரா, கோழிகளிடமா என்று தெரியவில்லை.

வருடம் முடிகிற வாரத்தில் அம்மா அழைத்தார். அப்பா தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு எதிரே குந்தினார். நான் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"மனே, கேக்கு கிடைச்சிது." அம்மாவின் குரலில் சிரிப்பு இருந்தது. "வாய் எரியுதுடா! என்னத்த போட்டு எரிச்சீங்க, முந்திரிக் கோதா?"

"ஓம்மா."

"ஒங்கப்பாட வேலதான். அடுப்புப் பத்தவைக்கத்தான் அது. கேக்குக்கு மேல ஆராச்சும் போடுவாங்களா?" இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "ஆனாலும் நான் முழுக்கத் திண்டுட்டன். மடம்ட புள்ளைகளுக்கும் குடுக்கல்ல."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அது கொஞ்ச நேரம்தான்.

"சிரட்டை இல்லையா வீட்டில?" அம்மா கேட்டார்.

"இருந்திச்சு. நனைஞ்சிட்டுது."

சொல்லிய பிறகுதான் அப்பா கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டுவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு குழந்தை அரபியில் கத்துவது மட்டும் கேட்டது.

"சுவரோரம் அடுக்கின சிரட்டையா?"

நான் குசினித் தறப்பாளை நிமிர்ந்து பார்த்தேன்.

"குசினிக்குள்ள இருக்கிற சிரட்டை எப்பிடி மனே நனையும்?"

அப்பா எழும்பி வெளியே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்தபடி கிணற்றுக் கட்டில் கையை ஊன்றி நின்றார். அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சரி," என்றார். கோபமில்லை. விறகு வாங்கிவா என்று சொல்லும்போது இருக்கும் அதே குரல். "அப்பாவ ஏசாத. மழைக்குள்ள நிக்க வேணாம் எண்டு சொல்லு. நான் மடத்திட்ட நிக்கிறன் எண்டு சொல்லிடுறன். கூரையப் போட்டிட்டுப் பாப்பம்."

"அம்மா, கூரைக்காக நீங்க…"

"வேற எதுக்கு மனே? ஒழுகுற குசினிக்குள்ள வந்து நான் என்னத்த சமைக்கிற?"

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு வருசமா?" என்று கேட்டார். ஓமென்றேன். அவர் அந்த அலுமாரியின் மேலிருந்த பாணிப் போத்தல்களைப் பிறகு தொடவில்லை. அடுத்து வந்த ஆடியில் காட்டுக்கும் போகவில்லை. நான் படிப்பு முடிக்க ஊரை விட்டுப் போனேன். மாலையில் தொலைபேசியில் அழைத்தால், என்ன கறி என்று நான் கேட்பேன். முசுட்டை, இல்லாவிட்டால் வல்லாரை என்பார். அவர் ஒருத்தருக்கு எவ்வளவு அரிசி போடுகிறார் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

அம்மா மாதாமாதம் அனுப்பியதில் முதலில் மரம் வந்தது, பிறகு கூரைச் சீற், கடைசியில் மேசனுக்குக் கூலி. அடுத்த மாரி தொடங்குவதற்கு முன்னால் குசினிக்குக் கூரை போட்டு முடித்தார்கள்; அம்மாவின் இரண்டு வருடத்தில் அப்போது ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை. எல்லாமாக இரண்டு இலட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபா.