விளங்கி அழுத பவளம் அக்கா

வியாழன் காலை நான் கந்தோரில் வேலையாக இருந்தபோது, பக்கத்து வீட்டு நசீர் நானா சைக்கிளில் வந்து இறங்கினார். “தம்பி, அக்கா மோசம் போயிட்டா. வாங்க” என்றார். நெஞ்சுவலி என்று படுத்தவருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்பே உயிர் போய்விட்டதாம். சோதனைச் சாவடி தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது, ஐயோ, முகத்தை மட்டுந்தான் பார்க்கக் கிடைத்தது.

திருக்கடலூரில் என் பவளம் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. சிறுவயதிலிருந்தே அவருக்கு விளக்கம் மட்டு. சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்பார். ஆனால் சிரித்த முகம் மாறாது. கடற்றொழில் செய்த அத்தான் அவரை விரும்பியே கட்டினார். “அவவுக்குச் சூது தெரியாது. எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்” என்பார்.

நாட்டில் சண்டை முற்றியிருந்த நாளொன்றில் கடலுக்குப் போன அத்தான் திரும்பவில்லை. உடல் நிலாவெளிக் கரையில் ஒதுங்கியது. ஊரடங்கு என்பதால் அங்கேயே புதைத்துவிட்டார்கள். அக்காவிடம் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை. “அவர் புல்மோட்டை வாடிக்குப் போயிருக்கிறார் பிள்ளை” என்றார். பருவ காலத்தில் அங்கே கொட்டில் போட்டுத் தங்கி மீன் பிடிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அக்கா நம்பிவிட்டார். வாடிக்காரர் திரும்பும் காலம் வந்தால் அத்தானின் சாரத்தைத் தோய்த்துக் காயவிட்டு, பூவும் பொட்டுமாக வாசல் படலையில் போய் நிற்பார். ஊரே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது.

பிறகுதான் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த அகதி முகாமுக்கு ஒரு டொக்டர் வந்தார். அக்காவையும் கொண்டுபோய்க் காட்டினோம். அக்காவின் கழுத்தைத் தடவிப் பார்த்தவர், “தைரொயிட் குறைவு. குளிசை போட்டால் மூளை தெளியும்” என்றார்.

தெளிந்தது. சில மாதங்களில் அக்கா பேப்பர் வாசித்தார்; என் பகிடிக்கு எதிர்ப்பகிடி விட்டார். நாங்கள் தலைகால் தெரியாமல் சந்தோசப்பட்டோம். தெளிந்த மூளை முதலில் எதைக் கண்டுபிடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

அந்த முறையும் வாடிக்காரர் திரும்பினார்கள். படலையில் நின்ற அக்கா உள்ளே வந்தார். “அம்மா, போன ஆக்கள் வருஷா வருஷம் வருகினம். என்னைக் கண்டா தலையைக் குனியினம். இவர் எப்ப செத்தவர்?”

அம்மா வாய்விட்டு அழுதார். அக்கா தன் பொட்டைத் தானே அழித்தார். நாட்கணக்கில் சோறு தண்ணி இல்லை. பொறுக்க முடியாமல் அம்மா குளிசைப் போத்தலை ஒளித்துவைத்தார். “இந்த அறிவு வேண்டாம். என்ட பிள்ளை பழையபடி சிரிக்கட்டும்.” எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

அக்கா கையை நீட்டினார்.

“தாங்கோ அம்மா. நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்ச நேரமெல்லாம் அந்த மனிசன் அழ ஆளில்லாமக் கிடந்திருக்கு. எனக்கு விளங்காட்டி அவருக்கு ஆர் அழுறது?”

சண்டையால் மூடியிருந்த பாதை திறந்ததும் அக்காவை நிலாவெளிக்குக் கூட்டிப்போனேன். அவரைப் புதைத்த அந்த மணலில் குந்தியிருந்து, அத்தானோடு கதைத்துக் கதைத்து அழுதார்.

குளிசையால் அக்காவுக்கு நன்மையா, தீமையா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் பழையபடி சிரித்ததே இல்லை. குளிசையை ஒரு நாளும் விட்டதுமில்லை. செத்த அன்று காலையும் போட்டிருக்கிறார்.

நேற்று, மடித்து வைத்திருந்த அத்தானின் அந்தச் சாரத்தைச் சவப்பெட்டிக்குள் அவருடைய கைப்பக்கம் வைத்தோம். “ஒண்டும் விளங்காமலே விட்டிருந்தா என்ட பிள்ளை சிரிச்சபடி போயிருக்குமே” என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டார்.

போய் வாருங்கள் அக்கா. உங்களுக்கு அழ நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு எல்லாம் விளங்குகிறது.