சிவப்பு வைக்காத புள்ளி

அணைக்கட்டு அலுவலகத்தில் அவளுக்குப் ‘புள்ளி அக்கா’ என்றுதான் பேர். சும்மா வந்த பேரா அது? பதினெட்டு வருஷமாக மற்றவர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பாதித்த பேர்.

அணைக்கு அடியில் எவ்வளவு நீர் கசியும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அதற்கு நீள்வட்டச் சார்புகளைத் தொகையிட வேண்டும். உள்ளே போடும் எண்களோ கலப்பெண்கள். நேர்வழியில் போனால் கணக்கு முடியாது. தாளில் தொகையிடும் பாதையை வளைத்துச் சுலபமான வழியாகக் கொண்டுபோக வேண்டும். வளைக்கும்போது, சார்பு எல்லையில்லாமல் எகிறும் புள்ளி ஏதாவது நடுவில் அகப்பட்டால், அதன் பங்கைத் தனியாகச் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டாலும் விடை அழகாகத்தான் வரும், ஆனால் பொய்யாக வரும். அந்தப் புள்ளிமேல் சிவப்பு மை வைக்காமல் யாராவது தாளை நீட்டினால் போதும், “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று பிடித்துக்கொள்வாள்.

அன்றுதான் அணை முதல்முறையாக விளிம்புவரை நிரம்பியிருந்தது. மதியம் மேலாளர் அணையின் பழைய கசிவுக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

“உங்க கணக்குதானே, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

“பாக்காம போட நான் என்ன ரப்பர் ஸ்டாம்பா?”

பிரித்தாள். எட்டு வருஷத்துக்கு முன் அவளே போட்ட கணக்கு. வளைந்த பாதை. வளைவுக்குள் ஒரு புள்ளி. அதன்மேல் சிவப்பு இல்லை.

பேனாவை எடுத்தாள். விட்டுப்போன பங்கைச் சேர்த்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். நிமிஷத்துக்குப் பதினேழு லிட்டர் என்று இருந்தது நாற்பத்தொன்று ஆயிற்று. ஐயோ, அம்மா போனபின் அவள் வளர்த்த தம்பியல்லவா அந்த அணையின் அடிச்சுரங்கத்தில் கசிவை அளக்கிறான்!

போன் போட்டாள்.

“தம்பி, கசிவு எவ்ளோடா காட்டுது?”

“அத ஏன் கேக்குற. காலையிலேருந்து நாப்பத்தொண்ணு. கசிவு மானி கெட்டுப்போச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன்.”

“கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? உன் கணக்குல பதினேழுதானேக்கா. ஊரே தப்பு பண்ணாலும் நீ பண்ணுவியா?” பெருமையாகச் சிரித்தான். “வேற மானி மாட்டணும்னு கசிவுத் தண்ணி வர்ற குழாய அடைச்சு வெச்சிருக்கேன்.”

அடியில் சேரும் அழுத்தம் இறங்குவதற்கு அந்தக் குழாயை விட்டால் வேறு வழியே கிடையாது.

“அடப்பாவி, தப்பு என்னோடதுடா! தெறந்து விட்டுட்டு மேல ஓடி வா!”

“சத்தமா சொல்லுக்கா. இங்க செவுத்துக்குள்ள என்னவோ இரையுது, ஒண்ணும் கேக்கல.”

தொண்டை கிழியக் கத்தினாள். அறையில் இருந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தம்பி மட்டும், “என்னக்கா? என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.