காலுறைக்குள் கத்தி

வின்டர்தூர் ஸ்டேஷன் வாசலில் இன்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை கட்டி நின்று, காற்றுப்பை வைத்த பைப் ஊதினார். என் கண் அவருடைய காலுறைக்குத்தான் போனது. அதற்குள்ளிருந்து ஒரு கத்திப்பிடி தெரிந்தது.

சின்ன வயதில், ஊரை விட்டு வந்து, இங்கே பக்கத்திலுள்ள ஊஸ்டரில் இருந்தோம். அந்த ஊரில் போர் நேரம் கதவு தட்டி வந்தவர்கள் பெரியப்பாவைக் கொண்டுபோனதிலிருந்து, மணி அடித்தால் அப்பா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் கதவு திறப்பார்.

ஒருநாள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருந்த மேல்வீட்டு ஸ்கொட்லாந்துக்காரர், ஈரக் கம்பளி மணக்கும் கில்ட்டோடு வந்தார். வாசலில் குனிந்து காலுறையிலிருந்து கத்தியை உருவினார்.

“பிள்ளை, உள்ளுக்கு ஓடு!” அப்பா கத்தினார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தவர் கத்தியை, வாசலில் சப்பாத்து அடுக்கும் தட்டில் வைத்தார். “விருந்துக்குப் போற வீட்டில் ஆயுதத்தை ஒளிக்க மாட்டோம். எங்கள் வழக்கம்” என்று ஜேர்மனில் சொன்னார்.

 அப்பா முதுகுக்குப் பின்னாலிருந்த மீன் வெட்டும் கத்தியை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்தார்.