ஷமீமா ஆன்ட்டி மாட்டாமல் போன கதவுகள்

ஷமீமா ஆன்ட்டியை அறிந்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை மட்டும் எழுதப்போகிறேன். அலங்காரம் அவருக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவின் போனில் அவர் பெயர் ஒளிர்ந்தது. எங்கள் சமையலறை அலமாரிகளுக்குக் கதவு மாட்ட அன்றுதான் வருவதாக இருந்தார். "வந்துட்டா பாரு, போய்த் திற," என்றார் அம்மா. நான் வாசலைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை. திரும்பி வந்தபோது அம்மா போனைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார். செய்தியை அனுப்பியவர் ஆன்ட்டியின் கணவர் ரஃபீக் அங்கிள். எல்லோருடைய எண்களும் ஆன்ட்டியின் போனில்தான் இருந்தன என்பதால் அதிலிருந்தே அனுப்பியிருந்தார். இரவு தூக்கத்தில் மாரடைப்பு, ஆன்ட்டி போய்விட்டார். முந்தின மாலை எங்கள் வீட்டில் ஏணிமேல் நின்று அம்மாவைக் கிண்டல் செய்தவர். இரண்டையும் என்னால் இன்னும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

நம் அமெரிக்க ஊர்களான பிளசன்டனிலும் டப்ளினிலும் உங்களில் பலரின் சமையலறை அவர் அமைத்தது. ஷேக்கர் கதவு உங்களுக்குத் தெரியும்: நான்கு பக்கமும் சட்டம், நடுவில் சற்று உள்வாங்கிய வெறும் பலகை. அம்மா கேட்டதோ பூ வேலைப்பாடு.

"எண்ணெய்ப் பிசுக்கு பூவுக்குள்ள போனா டூத்பிரஷ் வெச்சு நீதான் நோண்டணும், வித்யா," என்றார் ஆன்ட்டி அம்மாவிடம்.

"உன் கதவுல மட்டும் மூலை இல்லையா?"

"நாலே மூலை. உன் பூவை எண்ணிப் பாரு!"

அம்மா தோற்றார். வெள்ளைக் கதவுகள் ஆர்டர் ஆயின.

ஷேக்கர் என்றால் யார் என்று நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஒரு சிறு கிறிஸ்தவக் கூட்டம். பிரார்த்தனையின்போது உடல் குலுங்க ஆடியதால் அந்தப் பெயர். சொத்து பொது, திருமணம் கிடையாது, வேலையே வழிபாடு. தேவையில்லாத ஒரு வளைவைக்கூட மேசையில் செதுக்கமாட்டார்கள். இன்று அவர்களில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களுடைய கதவு மட்டும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆன்ட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கல்யாணமே இல்லையா? அதான் இவ்ளோ நிம்மதியா அலமாரி செஞ்சிருக்காங்க!" என்று சிரித்தார். பிறகு, "எங்க பள்ளிவாசலும் அப்படித்தானே. சுவத்துல படம் ஒண்ணும் இருக்காது, கண்ணு அலையாது," என்றார்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. சாப்பாடு மற்றவர்கள்தான் கொண்டுபோக வேண்டும். அன்று அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். எங்களிடம் சமையலறையே இல்லை. பழையதை ஆன்ட்டி பிரித்துப் போட்டிருந்தார்; கதவில்லாத புது அலமாரிகள் மட்டும் நின்றன, அடுப்பும் மேடையும் இன்னும் வரவில்லை.

"கேட்டரிங் சொல்லிடலாம்," என்றார் அப்பா.

"ஷமீமா வீட்டுக்கா? முதல் நாளா? நான்தான் சமைப்பேன்."

கராஜைத் திறந்து வைத்துக் கேம்பிங் அடுப்பைப் பற்றவைத்தார். காய் நறுக்க இடமில்லை. சுவரோரம் சாய்த்திருந்த புதுக் கதவுகளில் ஒன்றின் உறையைக் கிழித்து, இரண்டு பெட்டிகள்மேல் படுக்கவைத்தார்.

"அம்மா, அது ஆன்ட்டியோட டோர்!"

"அவ டோர்தான். அவ வீட்டுக்குத்தான் சமைக்கறேன்."

உள்வாங்கிய பலகை ஒரு தாம்பாளம்போல இருந்தது. சிந்திய கடுகு சட்டத்தைத் தாண்டவில்லை. வெள்ளைப் பலகையில் மஞ்சள் கறை பரவியது. அம்மா அழுதுகொண்டே நறுக்கினார். வெங்காயம் இன்னும் எடுக்கவேயில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய ரஃபீக் அங்கிள் சாப்பாட்டைத் தொடவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. அம்மா சாம்பார் சோற்றைத் தட்டில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கிச்சனைத்தான் அவ பிரிச்சுப் போட்டுட்டாளே, வித்யா. எங்க சமைச்சீங்க?"

"அவ கதவு மேலதான். மஞ்சக்கறை ஆயிடுச்சு."

"அவ பார்த்திருந்தா உங்களைக் கொன்னிருப்பா," என்றார். சொன்னதும் சிரித்தார். அடுத்த கணமே குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து முழுவதும் சாப்பிட்டார்.

அம்மா பாத்திரங்களைக் கழுவினார். ஆன்ட்டியின் சமையலறைச் சுவரில் ஒரு மரச்சட்டம் ஓடுகிறது, வரிசையாக முளைகளோடு. ஷேக்கர்கள் தரையைப் பெருக்க நாற்காலிகளைத் தூக்கி அப்படித்தான் மாட்டுவார்களாம். ஆன்ட்டியும் தினமும் மாட்டுவாராம். நான் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். ஆன்ட்டியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்: எழுந்து போகும்போது அடுத்தவர் பெருக்க வசதியாகத் தரையைக் காலியாக விட்டுப் போவது. பொழுது சாயும் நேரத்து மஃரிப் தொழுகைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அங்கிள் சமையலறை விளக்குகளை அணைத்தார்.