வேலு வெந்நீர் போட்ட ஞாயிற்றுக்கிழமை

மூன்றாம் பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. மாணவர்கள் இடது கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். இடது கையில் பேனாவைப் பிடித்தாலே வகுப்பில் ஒரு சிரிப்பு ஓடும். அந்த நேரம் பார்த்து அட்டெண்டர் மூக்கையா கதவோரம் வந்து நின்றார். "சார், கெமிஸ்ட்ரி வேலு சார் தவறிட்டாராம். காலையில நெஞ்சு வலின்னுருக்காரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம். இப்பத்தான் போன் வந்துச்சு" என்றார். சீட்டுகளை வாங்காமலே படியிறங்கினேன். பாதிப் படியில் நின்று, திரும்ப மேலே ஏறி, எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வாங்காமல் போயிருந்தால் வேலு திட்டியிருப்பார்.

ஏன் இடது கை என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. இதுவரை நான் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் "அமைதியானவர், சாது" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது. சாதுவாவது! பாடத்தின் நடுவில் திடீரென்று சாக்பீஸை வைத்துவிட்டு, "பக்கத்துல இருக்கவன்கிட்ட இதைச் சொல்லிக் காட்டு, ரெண்டு நிமிசம்" என்பார் வேலு. அறுபது பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும்? பக்கத்து அறையில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த நான் எத்தனை தடவை சுவரைத் தட்டியிருக்கிறேன்! வெளியே வந்து, "இது வகுப்பா, சந்தைக்கடையா?" என்றால், "சந்தையிலதான் மாப்ள எல்லாரும் விழிச்சிக்கிட்டு இருப்பாங்க" என்பார். நாங்கள் இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்யாணமாகும் வரை ஒரே அறையில் இருந்தவர்கள். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அவர் எம்.பில். ஆய்வுக்குப் பதிவு செய்தார். வேதியியலில் அல்ல, கல்வியியலில். கல்லூரி வகுப்பில் ஆசிரியர் சொல்வதில் எவ்வளவு மாணவனுக்குப் போய்ச் சேருகிறது என்பது பொருள். மற்றவர்களின் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைப்பார். பெஞ்சுகளைப் படமாக வரைந்து, யார் வாய் திறந்தாலும் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். கடைசி ஐந்து நிமிடம் ஆளுக்கொரு சீட்டு. பெயர் வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: 'இன்று எது புரியவில்லை?' எந்த ஆசிரியர் கண்ணிலும் சீட்டு படாது என்று மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலில் என் வகுப்புக்கு வா என்று அழைத்தவன் நான்தான். அப்போது எனக்கு இருந்த தலைக்கனத்தைச் சொல்லி மாளாது. என் இங்கிலீஷைக் கேட்கவே வேறு வகுப்புப் பையன்கள் ஜன்னலோரம் நிற்பார்கள். அன்று பி.யு.சி. வகுப்பில் ஜோக்குக்கு மேல் ஜோக்காகப் பிளந்து கட்டினேன். முடிந்ததும் கைதட்டல். வேலு தட்டவில்லை. மாலையில் ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். "கை தட்டுனா காதுல விழுகுது மாப்ள. புரிஞ்சுச்சான்னா அது காதுல விழாது" என்றார். சீட்டில் என்ன இருக்கிறது, சொல் என்று விடாமல் நச்சரித்தேன். நெடுநேரம் தயங்கினார். கடைசியில், "ஒரே ஒரு பய எழுதியிருக்கான், மனசுல வச்சுக்கிறாத" என்று சொல்லி, ஒரு சீட்டைக் கைக்குள் மறைத்தபடி வாசித்தார்: "சார் சிரிக்கும்போது நாங்களும் சிரிக்கிறோம். எதற்குச் சிரித்தோம் என்று எங்களுக்குத் தெரியாது."

உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "குடு அதை. எழுத்தைப் பாத்தாலே எவன்னு சொல்லிருவேன்" என்று பாய்ந்தேன். சொல்லியும் இருப்பேன், வாராவாரம் டெஸ்ட் பேப்பர் திருத்துகிறவன்தானே. வேலு சீட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "முடியாது சார்" என்றார். அந்த 'சார்' என்னைக் கன்னத்தில் அறைந்தது. நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். மாணவர்களைத் தூண்டிவிட்டு ஆசிரியர்களைப் பற்றி எழுதி வாங்குகிறார் வேலு என்று புகார் சொன்னேன். வெட்கக்கேடுதான். ஆனால் சொன்னேன்.

பிரின்சிபால் வேலுவைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை காலையில எல்லாச் சீட்டும் என் மேசைக்கு வரணும். எழுத்தைப் பாத்து எவன்னு இந்தா நிக்கிற கதிரேசன் சொல்லட்டும். அந்தப் பயலுக்கு டி.சி.யைக் கிழிச்சுக் குடுத்துருவோம்" என்றார். டி.சி. வரை போகும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வருஷ நடுவில் டி.சி. வாங்கினால் படிப்பு அதோடு சரி. தெரிந்தும் நான் புகாரைத் திரும்ப வாங்கவில்லை. ரோஷம் விடவில்லை.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தல்லாகுளத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் வேலு. "இந்த வேக்காட்டுல வெந்நி எதுக்குன்னு கேளுங்கண்ணே, பதிலே சொல்ல மாட்டேங்குறாக" என்றார் அவர் மனைவி.

"எங்கிட்ட மட்டும் காட்டு வேலு. பிரின்சிபால்கிட்டச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"காட்டுனா நாளைக்கு அந்தப் பயலை எப்படி சார் பாப்பீங்க?"

"எப்பயும் பாக்குற மாதிரிதான்."

"உங்களால முடியாது சார். காப்பி சாப்பிடுங்க."

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒரு கட்டுச் சீட்டுகளைப் பிரின்சிபால் மேசையில் வைத்தார் வேலு. வரிசையாக எண் போட்டு, ஒரே அளவில், ஒரே நீல மையில். பிரின்சிபால் நாலைந்தைப் புரட்டினார். "என்னய்யா, எல்லாம் உம்ம எழுத்தால்ல இருக்கு?"

"ஆமா சார். பயலுக எழுத்து உங்களுக்குப் படிக்கச் சிரமமா இருக்குமேன்னு எடுத்து எழுதிட்டேன்."

"ஒரிஜினல் எங்க?"

"வெந்நி போட்டுட்டேன் சார்."

பிரின்சிபாலின் முகம் சிவந்து, கறுத்து, பழையபடி வர வெகுநேரம் ஆயிற்று. கட்டை என் பக்கம் தள்ளினார். முழுவதும் படித்தேன். 'அந்த வரைபடம் புரியவில்லை', 'வேகமாகப் போகிறது' என்ற மாதிரித்தான் இருந்தன. சிரிப்பைப் பற்றிப் பதினேழாம் சீட்டு மட்டும்தான் சொன்னது. வேலுவுக்கு மெமோ கிடைத்தது. டி.சி. யாருக்கும் கிடைக்கவில்லை. வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது, "வாரேன் மாப்ள, ரெண்டாம் பீரியட் இருக்கு" என்றார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் ஆய்வு என்ன ஆயிற்று என்று கேட்கும் தைரியம் வந்தது. "நின்னு போச்சு மாப்ள. கைடு ஒரிஜினல் சீட்டைக் கேட்டாரு. அடுப்புல போனதை எங்கிட்டுப் போயி எடுக்க?" என்று சிரித்தார். வேறு பொருளில் மறுபடி பதிவு செய் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், அவர் செய்யவில்லை. பெயருக்குப் பின்னால் எம்.பில். போட அவருக்கு எம்புட்டு ஆசை என்று, அவரோடு ஒரே அறையில் இருந்த எனக்குத் தெரியும். அதை அழித்தவன் நான். மன்னிப்புக் கேட்க வாய் வரவே இல்லை. அடுத்த ஜூன் மாதம் என் வகுப்பில் நானே சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். கேள்விப்பட்டு வந்தார். "நல்லதுதான். ஆனா உன் கண்ணு பொல்லாத கண்ணு. இடது கையால எழுதச் சொல்லு" என்றார். அன்றிலிருந்துதான் இடது கை.

இனி, அவரை எடுத்த நாளில் நடந்தது. வீட்டு வாசலில் பழைய மாணவர்கள் இருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் திருமங்கலத்தில் பள்ளி ஆசிரியர், மற்றவர் உரக்கடை வைத்திருப்பவர். ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், ஒன்பது வருசமா சொல்லணும்னு நெனச்சேன். டி.சி. வரைக்கும் போன அந்தச் சிரிப்புச் சீட்டு நான்தான் சார் எழுதுனேன்" என்றார்.

உரக்கடைக்காரர் வெடுக்கென்று திரும்பினார். "என்ன மாப்ள சொல்ற? அதை நான்ல எழுதுனேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு உரக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னார்: "பெஞ்சுல பேசி வச்சுக்கிட்டுத்தான் சார் எழுதுனோம். பின்னாடி இருந்த நாலு பெஞ்சும் அதைத்தான் எழுதுச்சு."

அங்கேயே கிடந்த ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். புள்ளி வைத்தால்கூட சரியான பெஞ்சில்தான் வைப்பார் வேலு. அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பு முன்னால் உட்கார்ந்து, சீட்டுச் சீட்டாக எனக்காகப் பொய் எழுதியிருக்கிறார். ஒருத்தன் சொன்னால் எனக்குக் கோபம் வரும், பாதி வகுப்பு சொன்னால் அதற்கப்புறம் நான் வகுப்புப் பக்கமே போகமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளை என்னிடமிருந்து காப்பாற்றினார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னையும்தான் காப்பாற்றியிருக்கிறார், பாவி மனுஷன்.

அவருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அந்தப் பதினேழாம் சீட்டு ஒன்றுதான். அன்று பிரின்சிபால் மேசையிலிருந்து ஆத்திரத்தில் எடுத்துவந்தது. என்றைக்காவது அந்தப் பயலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மேஜை டிராயரைத் திறந்து அதை எடுத்தேன். நீல மை சற்று வெளுத்திருந்தது. ஒன்பது வருஷம் அதில் வேறு எவனுடைய எழுத்தையோ தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதை வேலுவின் எழுத்தாகப் படித்தேன்.